வெள்ளிக்கிழமை டிக்கெட்

அமராவதியின் மாமியார் முனியாயி பக்கவாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் கிடந்து, 1959 ஆவணியில் இறந்தார். குளிப்பாட்ட வந்த பெண்கள் உடம்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதுகில், இடுப்பில், குதிகாலில், எங்கும் ஒரு புண் இல்லை. அத்தனை நாள் கிடந்த உடம்பு அப்படி இருப்பதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். துணி நனைந்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். எலும்பு துருத்தும் இடங்களில் பழைய சேலையைச் சுருட்டி அணை கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் ஆயா வேலை பழகியவள் அமராவதி. அங்கே கற்றதை வீட்டில் செய்தாள், அவ்வளவுதான். பாராட்டியவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

அவள் புருஷன் அய்யாக்கண்ணு மலாயாவில், ஈப்போ பக்கத்தில் ஒரு மர ஆலையில் லாரி ஓட்டினான். 1954 ஐப்பசியில் கப்பல் ஏறியபோது மகள் செங்கமலம் மூன்று மாதக் குழந்தை. ஒரு வருடத்தில் இருவரையும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அமராவதி பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்தாள். அந்தச் சமயத்தில்தான் முனியாயி கிணற்றடியில் விழுந்தார். "நீ வந்துட்டா ஆத்தாவ யாரு பாப்பா?" என்று அய்யாக்கண்ணு எழுதினான். அவளுக்கும் வேறு பதில் தெரியவில்லை. பாஸ்போர்ட் அரிசிப்பானைக்குப் பின்னால் இருந்த தகரப்பெட்டிக்குள் போயிற்று.

மாமியாரின் முப்பது முடிந்த சில நாட்களில் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கக் கடிதத்தை அமராவதி மூன்று முறை படித்தாள்.

"டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து இங்கே புதுச் சட்டம் வருகிறது. புருசனும் பெண்சாதியும் ஐந்து வருசம் பிரிந்திருந்தால் அதற்குப் பிறகு பெண்சாதியை உள்ளே விடமாட்டார்களாம். நமக்கு ஐப்பசியோடு ஐந்து வருசம் ஆகிறது. நவம்பர் முப்பதுக்குள் வந்து இறங்கிவிட்டால் பழைய சட்டப்படி விட்டுவிடுவார்கள் என்று ஆலையில் கணக்கு எழுதும் கிராணி சொல்கிறார். அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதினைந்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயம் இல்லை. உனக்குத்தான்."

அனுமதிச் சீட்டு நவம்பர் பாதியில்தான் வந்து சேர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து போகிற கப்பல் அதற்கு நான்கு நாள் முன்பே கிளம்பிவிட்டது. அடுத்த கப்பல் பினாங்கைத் தொடும்போது டிசம்பர் ஆகிவிடும். எனவே விமானம். ஐந்து வருடம் லாரி ஓட்டியதில் மிஞ்சியது மொத்தமும் அந்த இரண்டு டிக்கெட்டுக்குப் போயிருக்கும். அவன் அதைப் பற்றி எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை.

அம்மை ஊசி, காலரா ஊசி, மஞ்சள் புத்தகத்தில் முத்திரை, போட்டோ எல்லாம் ஒரு வாரத்தில் முடித்தாள். திருச்சியில் டிக்கெட் கொடுக்கும் கடையில் சூசைராஜ் என்ற குமாஸ்தா இருந்தான். முப்பது வயது, நறுக்கு மீசை. அவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"விமானம் கொழும்பு போயி மாறணும்கிறீங்க. அதுக்குத் தனியா விசா எடுக்கணுங்களா?"

"வேண்டியதில்லம்மா. வியாழக்கிழம காலையில பத்து மணிக்குக் கொழும்புல எறங்குறீங்க. மத்தியானம் மூணு மணிக்கு மலாயா விமானம். அந்தக் கட்டடத்த விட்டு வெளியவே வரமாட்டீங்க. எறங்கி ஏறுறவங்களுக்கு விசா கெடையாது."

அவனுக்கு முன்னால் தலையணை கனத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதைத் திறந்து ஒரு வரியை விரலால் காட்டினான். அமராவதி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். அதுவரை எல்லாம் சரி.

குளத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. மாலையில் வீடு திரும்பியபோது மாமனார் அடைக்கலம் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக் காத்தாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னைக்குத் தாயி?"

"வியாழக்கெழம மாமா."

"வியாழனா?" அடைக்கலம் கண்ணாடியைக் கழற்றினார். "கொழும்பு எந்தத் தெச? தெக்க. வியாழக்கெழம தெக்கயில்ல சூலம்! மொத மொதலா பொறப்படுற புள்ளத்தாச்சி சூலத்துல போயா மோதுவா?"

"யாரு மாமா புள்ளத்தாச்சி?" என்றாள் காத்தாயி. "அவ புருசன் மொகத்தப் பாத்தே அஞ்சு வருசமாச்சு. ஊருல தெரிஞ்சா என்னத்துக்கு ஆகும்?"

"புள்ள வச்சிருக்கவன்னு சொன்னேன்டி வாயாடி."

"வியாழனுக்குத் தைலம். தலைக்குத் தேச்சுக்கிட்டுப் போனா சூலம் தட்டாது. எங்க அண்ணன் மதுரைக்குப் பொண்ணு பாக்க அப்பிடித்தான் போச்சு."

"அது பஸ்ஸு. இது ஆகாசம். விழுந்தா எலும்பு தேறுமா? தைலத்த யாருக்குத் தேய்க்கறது?"

அமராவதிக்குச் சூலத்தில் நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரியில் ஏழு கிழமைகளிலும் ஆட்கள் பிழைத்ததையும் ஏழு கிழமைகளிலும் செத்ததையும் பார்த்தவள். இருந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்து மூன்று மாதம் ஆன கிழவர். மருமகளும் பேத்தியும் போன பிறகு காத்தாயி ஊற்றும் கஞ்சிதான் அவருக்குச் சாப்பாடு. போகிற நேரத்தில் அவர் மனம் கோண விடுவானேன்? முப்பதாம் தேதி திங்கட்கிழமை. ஒருநாள் தள்ளினால் குடிமுழுகிப் போகாது. அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் அவளும் அடைக்கலமும் திருச்சிக்குப் போனார்கள். சூசைராஜ் தாள்களைப் புரட்டினான்.

"வெள்ளிக்கிழம கொழும்புக்கு இருக்கு. அன்னைக்கு மலாயா விமானம் இல்ல. சனிக்கிழம சாயந்தரம்தான். ஒரு ராத்திரி கொழும்புல தங்கணும். ஞாயித்துக்கிழம விடியறப்ப அங்கிட்டு எறங்கிடலாம். பரவால்லீங்களா?"

"வெள்ளிக்கெழம சூலம் மேக்க. தொந்தரவில்ல," என்றார் அடைக்கலம்.

சூசைராஜ் சிரித்தான். "பெரியவரே, சனிக்கிழம கிழக்க சூலமாச்சே. மலாயா கிழக்கதான இருக்கு? அதுக்கு என்ன செய்யப்போறீங்க?"

"ஒங்களுக்கு எப்பிடித் தம்பி இதெல்லாம் தெரியுது?"

"எங்க தெருவுல நாங்க ரெண்டு வீடுதான் வேதக்காரங்க. மத்தவங்க பேசுறது காதுல விழும்ல."

"வீட்டுப் படிய விட்டு எறங்குறதுக்குத்தான் தம்பி சூலம். நடுவுல ஏறி எறங்குறது கணக்குல வராது."

சூசைராஜ் பழைய டிக்கெட்டில் கோடு போட்டுப் புதியதை எழுத ஆரம்பித்தான். அப்போது அமராவதிக்கு ஒரு கேள்வி வந்தது. ராத்திரி தங்குவதற்கும் விசா வேண்டாமா? கேட்டிருக்கலாம். அதே நேரத்தில் அடைக்கலம், கொழும்பில் செட்டியார் தெருக் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் முத்துராமனைப் பற்றித் தொடங்கினார். திருமயத்துப் பக்கத்து ஆள், அவருக்குத் தூரத்துப் பழக்கம். "அவன் வீட்டுல தங்கிக்க. தந்தி குடுத்துருவோம்." தந்திக்கு விலாசம் தேடுவதில் பேச்சு திரும்பியது. கேள்வி அப்படியே போய்விட்டது.

வேளை மாறினாலோ அளவு மாறினாலோ மருந்துச் சீட்டை முதல் வரியிலிருந்து மறுபடி படி என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருமுறைகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை. டிக்கெட்டை அவள் மருந்தாக நினைக்கவில்லை. சூசைராஜும் அந்தக் கனத்த புத்தகத்தை இரண்டாம் முறை திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் ஏறி, ரோட்டோரத்திலேயே இருக்கும் விமான நிலையத்தில் இறங்கினார்கள். அத்தனை வருடமாகப் பஸ் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போன வாசல். அடைக்கலம் பேத்தியின் நெற்றியில் திருநீறு பூசினார். மருமகளிடம், "போயி எறங்குனதும் ஒரு கடுதாசி," என்றார். கூட வந்த காத்தாயிதான் அழுதாள்.

விமானத்தில் செங்கமலம் இரண்டு முறை வாந்தி எடுத்தது. அமராவதி காகிதப் பையைப் பிடித்து, முகத்தைத் துடைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்தாள். பிள்ளை தூங்கிவிட்டது. கீழே கடலைப் பார்த்தாள். இரண்டு நாளில் புருஷனின் முகத்தைப் பார்க்கப்போகிறோம் என்று தோன்றியபோது, அந்த முகம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. மூக்கு வந்தது, வாய் வந்தது, மொத்தமாக வரவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கொழும்பில் வரிசை நகர்ந்தது. மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட சிங்கள அதிகாரி. வயதானவர். தமிழ் நன்றாகவே பேசினார், ஆனால் அச்சில் ஏறிய தமிழ்.

"அம்மா, விசா எங்கே?"

"நாங்க மலாயாவுக்குப் போறமுங்க. எறங்கி ஏறுறதுதான்."

அவர் டிக்கெட்டைப் புரட்டினார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். அதில் மலாயா, சிங்கப்பூர் என்று மட்டும் இருந்தது.

"இது நாளைக்குப் போகிற விமானம்."

"ஆமாங்க. நாளைக்குச் சாயந்தரம்."

"இன்றே போகிற விமானம் என்றால் நீங்கள் அந்த அறையில் உட்காரலாம். விசா வேண்டாம். நடுவில் ஓர் இரவு வந்துவிட்டால் அது வழிப்பயணம் அல்ல, அம்மா. அது இலங்கையில் தங்குவது. தங்குவதற்கு விசா வேண்டும். மதராசில் எடுத்திருக்க வேண்டும்."

அமராவதி சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு இருந்தது.

"ஊருக்குள்ள போகலீங்க. இந்தப் பெஞ்சுலயே இருந்துக்கறோம். நா ராத்திரி வேல பாத்துப் பழகுனவ. ஒக்காந்தே இருப்பேன்."

"ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம்."

"அப்ப ஜெயில்ல வேணா வைங்க. ஒரு ராத்திரிதான?"

"ஜெயிலுக்கு ஏதாவது குற்றம் செய்திருக்க வேண்டும், அம்மா." அவர் கேலி செய்யவில்லை. முகம் களைத்திருந்தது. "உங்களைப் போல டிக்கெட்டைக் காட்டிவிட்டு வெளியே போனவர்கள் உண்டு. மறுநாள் விமானத்துக்கு வரமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். பிறகு நான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வந்த விமானம் பன்னிரண்டரைக்குத் திருச்சிக்குத் திரும்புகிறது. அதில் ஏறுங்கள்."

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

அமராவதி அனுமதிச் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்து, நவம்பர் முப்பது என்ற இடத்தில் விரலை வைத்தாள். ஐந்து வருடக் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள், நோயாளியின் நிலையை டாக்டரிடம் சொல்வதைப் போல. மாமியார் விழுந்த நாள், இறந்த நாள், சட்டம் வருகிற நாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு உள்ளே போய் இன்னொருவரிடம் பேசிவிட்டுத் திரும்பினார்.

"இங்கே வசிக்கிறவர் யாராவது உங்களுக்கு ஜாமீன் எழுதிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு விடலாம். யாரையாவது தெரியுமா?"

தெரியும். அந்த ஆள் வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். அடைக்கலத்தின் தந்தி கிடைத்து அவளை அழைத்துப்போக வந்திருந்த முத்துராமனை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்பது வயது இருக்கும். கையில் பிள்ளைக்கென்று ஒரு பிஸ்கட் பொட்டலம். அதிகாரி தாளை நீட்டினார். முத்துராமன் படித்தான். படித்து முடித்தும் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பேனா இல்லையாண்ணே?" என்றாள் அமராவதி.

"இங்கிட்டு வா தங்கச்சி." சன்னல் பக்கம் கூட்டிப்போனான். "நீ எம்புட்டு நேரமா இங்க நிக்கிற? தண்ணி குடிச்சியா?"

"தண்ணி கெடக்குது. ஒரு கையெழுத்துத்தான் அண்ணே."

"கையெழுத்துத்தான். நா இந்த ஊருல இருக்கறதே ஒரு கையெழுத்துலதான். தற்காலிக பர்மிட்டு. தை மாசம் அத புதுப்பிக்கணும். போன தடவ எங்க கடையில ஏழு பேரு எழுதிப் போட்டோம். மூணு பேருக்குத்தான் குடுத்தான். நாலு பேரு கப்பலேறிட்டான். இப்ப ஒனக்கு ஜாமீன்னு எம்பேரு இவங்க காயிதத்துல ஏறுச்சுன்னா…"

"நா ஓடிப்போயிருவேனா? இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு?"

"நீ போகமாட்ட. எனக்குத் தெரியும். நாளைக்கு அந்த விமானம் வரலன்னு வையி. எஞ்சின் கெட்டுப்போச்சு, செவ்வாக்கெழமதான்னு சொல்லிட்டான்னு வையி. நீ நாலு நாளு இங்க இருக்கணும். அப்ப மாட்டுறது யாரு? எனக்கு ஊருல மூணு பொட்டப்புள்ள இருக்கு தங்கச்சி."

அவன் கை பிஸ்கட் பொட்டலத்தின் நூலை முறுக்கிக்கொண்டிருந்தது. அமராவதி அந்தக் கையைப் பார்த்தாள். பயந்த ஆளிடம் ஊசியைக் காட்டி மிரட்டக் கூடாது. அவளிடம் கெஞ்சுவதற்கு வார்த்தைகள் இருந்தன, காலில் விழுந்திருக்கலாம், பிள்ளையை முன்னால் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்தால் அவன் எழுதியும் கொடுத்திருப்பான் என்று பிற்காலத்தில் சில நாள் நினைத்ததுண்டு. அன்றைக்கு அவளால் முடியவில்லை. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"செரி அண்ணே. நீங்க போங்க. கடைய விட்டுட்டு வந்திருப்பீங்க."

முத்துராமன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரை விமானம். ஒரு மணி நேரம் கடலுக்கு மேலே. பஸ்ஸுக்குக் காத்திருந்தது கொஞ்ச நேரம். மாலை நான்கரைக்கு, காலையில் பூட்டிய அதே தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, அமராவதி தெருவுக்குள் நுழைந்தாள். குழாயடியில் பேச்சு நின்றது.

"ஆத்தா, நாம மலாயாவுக்குப் போயிட்டு வந்துட்டமா?" என்றது செங்கமலம்.

"இல்ல. நட."

அடைக்கலம் வாசலில் நின்றார். அவள் நடந்ததை நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். காத்தாயிதான் ஓடி வந்து, "நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கடி. வியாழக்கெழமை நீ போயிருந்தா என்ன ஆயிருக்குமோ, யாரு கண்டா?" என்றாள்.

சனிக்கிழமை காலையில் அமராவதி திருச்சிக்குப் போனாள். சூசைராஜ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பிறகு அந்தக் கனத்த புத்தகத்தை எடுத்தான். விரலால் காட்டிய அந்த வரிக்குக் கீழே, தாளைத் திருப்பினால் அடுத்த பக்கத்தின் உச்சியில், இன்னும் இரண்டு வரி இருந்தது. அதே நாளில் தொடர்ந்து செல்பவர்களுக்கு மட்டும். இரவு தங்குபவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். அவன் வாய்விட்டு வாசித்தான்.

"என் தப்புதாம்மா. அன்னைக்கு இந்தத் தாளத் திருப்பல."

"நானும் கேக்கல. இப்பப் போனா மதராசுல விசா எடுத்து முப்பதுக்குள்ள போயிர முடியுமா?"

அவன் அட்டவணையைப் பார்த்தான். மதராஸ் ஆபீஸ் மத்தியானத்தோடு மூடிவிடும். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை விசா வாங்கினாலும் அன்றைக்கு மலாயாவுக்கு எந்த வழியிலும் இறங்க முடியாது. மூன்று விதமாகக் கூட்டிப் பார்த்தான். முடியவில்லை.

"வியாழக்கெழம போன விமானம் என்னாச்சு?"

"நல்லபடியா போய்ச் சேந்துருச்சும்மா. பத்து நிமிஷம் முன்னாடியே."

அமராவதி தலையாட்டினாள். மலாயாவுக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

அய்யாக்கண்ணு அங்கே மூன்று மனு போட்டான். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றாவதன் பதிலில், மனுதாரரின் மனைவி ஐந்து வருடம் தானாகப் பிரிந்து வாழ்ந்தவர் என்று எழுதியிருந்ததாம். தானாக என்ற சொல்லை அவன் கடிதத்தில் அடிக்கோடிட்டிருந்தான். அமராவதி அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மறுநாளே புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் போய் ஆயா வேலைக்குப் பெயர் கொடுத்தாள். பழகிய வேலை. கை மறக்கவில்லை.

அடைக்கலம் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். பஞ்சாங்கத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார். கடைசி ஏழு மாதம் அவரும் படுத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. வேலைக்குப் போய் வந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவரைப் புரட்டிப் போட்டாள். அவள் வேலையில் இருந்த நேரத்தில் காத்தாயி பார்த்துக்கொண்டாள். அவர் உடம்பிலும் புண் வரவில்லை. வேறு வீட்டில் இதை மன்னிப்பு என்று சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அது வேலை. புண் வந்தால் வலி நோயாளிக்கு, நாற்றம் வீட்டுக்கு.

1962 வைகாசியில் அய்யாக்கண்ணு நாற்பது நாள் லீவில் வந்தான். தடித்திருந்தான், முன்தலை வழுக்கை. செங்கமலத்துக்கு எட்டு வயது. அப்பா என்று கூப்பிட அதற்கு நான்கு நாள் ஆயிற்று. அமராவதியும் அவனும் முதல் வாரம் விருந்தாளிகளைப் போல ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். எட்டாம் நாள் அவன் மகளை அழைத்துப்போகக் கேட்டான். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆலைக்காரர்கள் வீடு கொடுத்திருக்கிறார்கள் என்றான். அவள் அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தபோது, அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னொண்ணு சொல்லணும். அங்க ஒருத்தி இருக்கா. சமைச்சுப் போடுறா."

அமராவதி சீப்பில் சிக்கிய முடியை உருவினாள். "எத்தன வருசமா?"

"ரெண்டு."

"புள்ள குட்டி?"

"இல்ல."

"ஒடம்புல சீக்கு உண்டா? இருமல், சொறி, சிரங்கு?"

"என்னாடி இப்பிடிக் கேக்குற?"

"எப்பிடிக் கேக்கணும்? ஒப்பாரி வைக்கணுமா? எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவ கையிலதான எம்புள்ள திங்கப்போவுது. கை சுத்தமானவளா, அடிக்கிறவளா, அதச் சொல்லுங்க."

அய்யாக்கண்ணு நிலையிலிருந்து கையை எடுத்தான். "அடிக்கமாட்டா. அவளுக்கு ஒரு புள்ள பொறந்து செத்துப்போச்சு."

"எதுல?"

"சுரம்னு சொன்னா."

"அப்ப சுரம்னா பயப்படுவா. அது நல்லது," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

மூன்று நாள் யோசித்தாள். பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முடியுமா என்று யோசிக்கவில்லை, அதற்கு விடை தெரியும். அவள் யோசித்தது சட்டத்தை. பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இன்றைக்கு வாசல் திறந்திருக்கிறது. அடுத்த வருடம் பத்து வயது என்று மாற்றலாம். அதற்கு அடுத்த வருடம் தாய் கூட வந்தால்தான் என்று சொல்லலாம். தாயை அவர்கள் விடப்போவதில்லை. இங்கே அவளுக்கு இரவு வேலை மாதத்தில் பாதி. அந்த நாட்களில் பிள்ளை காத்தாயி வீட்டில் படுத்திருந்தது. அங்கே ஒரு அப்பன் இருக்கிறான். பொறுத்துப் பார்க்கலாம், பெரியவளானதும் அனுப்பலாம் என்று மனம் சொன்னது. ஒருநாள் பொறுத்ததில் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும்.

"இந்தக் கப்பல்லயே கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

ஊர் பேசியது. பெற்ற பிள்ளையைச் சக்களத்தியிடம் அனுப்புகிறவள் என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். காத்தாயி ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "கல்லுடி நீ. ஆஸ்பத்திரியில பொணத்தக் கழுவிக் கழுவிக் கல்லாயிட்ட," என்றாள் பிறகு. அமராவதி மறுக்கவில்லை. பிள்ளையின் சட்டைகளை ஒரு அங்குலம் மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வளரும்போது பிரித்துவிட அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, பிரிக்க வேண்டிய நூலைச் சிவப்பில் ஓட்டினாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்தில் நின்றது. கரையிலிருந்து படகில் கூட்டிப்போய் ஏற்றினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அமராவதி மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சட்டையின் உள்பக்கம் ஊக்கால் குத்தியிருந்த, அம்மை ஊசி போட்டதற்கான அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாந்தி வந்தா படுத்துக்க. எலுமிச்சம்பழம் அப்பா பையில இருக்கு. தண்ணி காய்ச்சுனதுதான் குடிக்கணும். சுரம் வந்தா ஒடனே சொல்லிரணும், மறைக்கக் கூடாது."

"நீ எப்ப வருவ ஆத்தா?"

அய்யாக்கண்ணு குறுக்கே வந்தான். "ஆத்தா பின்னாடி வரும் கண்ணு."

"பொய் சொல்லாதீங்க," என்றாள் அமராவதி. மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நா வரமாட்டேன். என்னைய உள்ள விடமாட்டாங்க. நீ படிச்சுப் பெரியவளானதும் இங்க வந்து என்னையப் பாரு. தனியா கடுதாசி எழுதத் தெரிஞ்ச அன்னைக்கே எனக்குப் போடு."

செங்கமலம் அழவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டியது. அது அமராவதியின் பழக்கம். அய்யாக்கண்ணு அதைப் பார்த்தான், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

படகு தள்ளப்பட்டது. அலை ஒன்றிரண்டு தூக்கிப் போட்டது. பிள்ளையின் மஞ்சள் சட்டை தெரிகிற வரை அமராவதி நின்றாள். பிறகு மஞ்சள் எது, மற்றது எது என்று பிரிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற சுங்கக் காவலாளி, "கப்பல் கிளம்ப இன்னும் நாலு மணி நேரம் ஆகும்மா. நெழல்ல ஒக்காந்து பாத்துட்டுப் போங்க. எல்லாரும் அப்பிடித்தான் செய்வாங்க," என்றார்.

"காலையில எனக்கு வேல இருக்கு," என்றாள் அவள். தஞ்சாவூர் பஸ் ஒன்றேகாலுக்கு. ஒரு மணிக்கே போய் சன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.